என்டாமுக்கன் சூ: நெப்ராஸ்காவில் ஐந்து ஆண்டுகள்

என்டாமுக்கன் சூ 2005 முதல் 2009 வரை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்க ஃபுட்பால் ஆடிய தடுப்பாட்டக்காரர். 2009இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவரைக் கல்லூரி ஃபுட்பாலின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. 1998இல் தொடங்கிய அந்த விருது அதுவரை தாக்கி ஆடுபவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவது ஆளாக அவர் பெயர் அழைக்கப்பட்டது. இந்தப் புகழ் எல்லாம் கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்து குவிந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் அவரை நெப்ராஸ்காவுக்கு வெளியே தெரிந்தவர்கள் குறைவு.

கணக்கில் வராத இடம்

சூ ஆடிய இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அளவு புரியும். அமெரிக்க ஃபுட்பாலில் அணிக்குப் பதினொரு பேர் களத்தில் இருப்பார்கள். பந்தை வைத்திருப்பது தாக்கணி. அதை மறிப்பது தடுப்பணி. தாக்கணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும்; இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோவது டச்டவுன். அதற்கு ஆறு புள்ளிகள். கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பும் ஃபீல்ட் கோலுக்கு மூன்று புள்ளிகள். தாக்கணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்தை எறிவதா, ஓட்டக்காரரிடம் கொடுத்து ஓடவிடுவதா என்பது அவர் கையில் முடிகிறது.

ஒவ்வொரு முறையும் இரு அணிகளும் பந்து வைத்த இடத்தில் எதிரெதிராக வரிசை கட்டி நிற்கும். தடுப்பணியின் முன்வரிசையில் பொதுவாக நான்கு பேர். இரு ஓரங்களில் நிற்பவர்கள் டிஃபென்சிவ் எண்ட். நடுவில் நிற்கும் இருவர் டிஃபென்சிவ் டாக்கிள். எதிரே தாக்கணியின் ஐந்து காவலர்கள் நிற்பார்கள். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ எடையுள்ளவர்கள். பந்து அசைந்த நொடியில் நடுவில் நிற்பவர் மீது பெரும்பாலும் இரண்டு பேர் ஒன்றாக வந்து மோதுவார்கள். அந்த இருவரையும் நகரவிடாமல் தாங்கி நிற்பதே டாக்கிளின் முதல் வேலை. அவர் அப்படித் தாங்கினால் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்க எதிரணியில் ஆள் இருக்காது. லைன்பேக்கர் ஓடிவந்து பந்துக்காரரைப் பிடித்து வீழ்த்துவார். புள்ளிவிவரப் பட்டியலில் அவர் பெயர் ஏறும்.

கபடியில் கால்களைச் சுற்றிப் பிடித்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பாடிவந்தவரை மூலைக்கு ஒதுக்கி, திரும்பும் வழியை அடைத்தவரைக் கூட்டம் கவனிக்காது. டாக்கிளின் நிலைமையும் அதுவே. பட்டியலில் எழுதப்படுபவை சில குறிப்பிட்ட செயல்கள் மட்டும்: பந்துக்காரரை வீழ்த்தும் பிடி, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே அவரை வீழ்த்தி, எதிரணிக்குத் தூரத்தை இழக்கச் செய்யும் பிடி, பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் ‘சாக்’, எறிந்த பந்தைத் தட்டிவிடுவது, அதைத் தானே பிடித்துக்கொள்ளும் ‘இன்டர்செப்ஷன்’. நல்ல டாக்கிள் ஒருவர் ஆண்டு முழுவதும் சிறப்பாக ஆடியும் இவற்றில் பெரிய எண்ணிக்கை காட்டாமல் போகலாம். இந்த இடத்தில் நின்றுகொண்டே தன் அணியில் எல்லோரையும்விட அதிகமான பிடிகளைப் போட்டவர் என்பதுதான் சூவின் தனித்தன்மை.

போர்ட்லண்டிலிருந்து லிங்கனுக்கு

சூ 1987 ஜனவரி 6ஆம் தேதி ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் பிறந்தார். தந்தை கேமரூன் நாட்டிலிருந்து வந்த இயந்திரப் பணியாளர். தாய் ஜமைக்காவிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி ஆசிரியை. உலகின் மற்ற நாடுகள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம்தான் அந்த வீட்டில் ஆடப்பட்டது. தந்தை ஜெர்மனியில் சிறிய அளவில் கால்பந்து ஆடியவர். அக்கா இங்கும் சூ மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்துக்காகவும் பிறகு கேமரூன் தேசிய அணிக்காகவும் கால்பந்து ஆடினார். தம்பியான என்டாமுக்கனும் சிறுவயதில் கால்பந்துதான் ஆடினார். போர்ட்லண்டின் கிராண்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோதுதான் அமெரிக்க ஃபுட்பாலுக்கு மாறினார்.

கிராண்ட் பள்ளியில் அவர் கூடைப்பந்தும் ஆடினார். குண்டு எறிதலில் மாநில அளவில் முதலிடம் பெற்றார். கல்லூரிப் பயிற்சியாளர்கள் இப்படிப்பட்ட மாணவர்களைத்தான் தேடுவார்கள். கால்பந்து ஆடியவருக்குக் கால் நகர்வு தெரியும். குண்டு எறிபவருக்கு இடுப்பிலும் தொடையிலும் வெடித்துக் கிளம்பும் வலு இருக்கும். இவை இரண்டும் 6 அடி 4 அங்குல உயரமும் 136 கிலோ எடையும் உள்ள ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. பள்ளியின் இறுதி ஆண்டில் அவர் நாடளாவிய சிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பெற்றார். பல பல்கலைக்கழகங்கள் அழைத்தன. அவர் நெப்ராஸ்காவைத் தேர்ந்தெடுத்தார்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. மக்களின் ஆர்வம் முழுவதும் லிங்கன் நகரில் உள்ள பல்கலைக்கழக அணி மீதுதான். அங்குள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் சீட்டுகள் விற்றுத் தீர்ந்துவருகின்றன. 1970, 1971, 1994, 1995, 1997 என ஐந்து ஆண்டுகளில் நெப்ராஸ்கா தேசிய வாகை சூடியது. ஆட்டத்தைத் தொடங்கும் தடுப்பாட்டக்காரர்கள் பயிற்சியின்போது கறுப்பு மேற்சட்டை அணிவது 1960களில் தொடங்கிய வழக்கம். அதனால் நெப்ராஸ்காவின் தடுப்பணிக்கே ‘பிளாக்ஷர்ட்ஸ்’ என்று பெயர் வந்துவிட்டது. அந்தச் சட்டையைப் பெறுவது அங்கே பெரிய கௌரவம்.

கல்லூரி ஆட்டத்தின் விதிகள்

அமெரிக்காவில் ஃபுட்பால் ஆட்டக்காரர் பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குப் போக முடியாது. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த லீக் அவரை ஏற்கும். இடைப்பட்ட காலத்தைப் பெரும்பாலும் எல்லோரும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில்தான் கழிக்கிறார்கள். சூ ஆடிய காலத்தில் கல்லூரி ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. உதவித்தொகை படிப்புச் செலவையும் தங்குமிடத்தையும் உணவையும் பார்த்துக்கொண்டது. தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறும் உரிமை மாணவ ஆட்டக்காரர்களுக்கு 2021இல்தான் கிடைத்தது.

மாணவர் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது அன்றைய விதி. மீதமுள்ள ஓராண்டில் அவர் அணியோடு பயிற்சி பெறலாம். போட்டிகளில் இறங்க மாட்டார். இதற்கு ‘ரெட்ஷர்ட்’ ஆண்டு என்று பெயர். பருவத்தின் தொடக்கத்திலேயே காயமடைந்து விலக நேர்ந்தால் அந்தப் பருவத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். உடல் முழுவதும் தேறாத பதினெட்டு வயது இளைஞரை இருபத்திரண்டு வயது ஆட்டக்காரர்களோடு மோதவிடாமல் ஓராண்டு வலுவேற்ற இந்த ஏற்பாடு உதவுகிறது. முன்வரிசையில் நிற்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும். அந்த இடத்தில் வலுவுக்கு மாற்று இல்லை.

சத்தமில்லாத மூன்று ஆண்டுகள்

சூ 2005இல் லிங்கனுக்கு வந்தபோது நெப்ராஸ்காவின் தலைமைப் பயிற்சியாளர் பில் காலஹன். முதல் இரண்டு ஆட்டங்களிலேயே சூவுக்கு இடம் கிடைத்தது. பிறகு முழங்காலில் காயம்பட்டு அந்தப் பருவம் முழுவதும் விலகி இருக்க நேர்ந்தது. விதிப்படி அந்த ஆண்டு கணக்கில் சேரவில்லை.

2006இல் அவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பெரிய அணிகள் முன்வரிசை ஆட்களை ஓர் ஆட்டத்துக்குள்ளேயே மாற்றி மாற்றி இறக்கும் என்பதால் மாற்று ஆட்டக்காரருக்கும் வேலை இருக்கும். அந்தப் பருவத்தில் அவர் 19 பிடிகளும் 3.5 சாக்குகளும் எடுத்தார். இரண்டு பேர் சேர்ந்து குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்று எழுதுவார்கள். அரை எண்ணிக்கை வருவது அதனால்தான்.

2007இல் அவர் ஆட்டத்தைத் தொடங்குபவர்களில் ஒருவரானார். அணியோ சரிந்தது. நெப்ராஸ்கா ஐந்து ஆட்டங்களில் வென்று ஏழில் தோற்றது. நவம்பர் 3ஆம் தேதி கேன்சஸ் பல்கலைக்கழகம் அவர்களுக்கு எதிராக 76 புள்ளிகள் எடுத்தது. ‘பிளாக்ஷர்ட்ஸ்’ என்ற பெயரைத் தாங்கிய தடுப்பணிக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் சூ 34 பிடிகளும் ஒரே ஒரு சாக்கும் எடுத்தார். வலு இருந்தது; அதை எங்கே, எப்போது செலுத்துவது என்ற தெளிவு இன்னும் வரவில்லை. பருவம் முடிந்ததும் காலஹன் நீக்கப்பட்டார்.

பெலினி சகோதரர்கள்

புதிய தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் போ பெலினி. அவர் 2003இல் நெப்ராஸ்காவின் தடுப்பணியைப் பார்த்துக்கொண்டவர். 2007இல் தேசிய வாகை சூடிய லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தடுப்பணியை நடத்தியவர். அவருடைய அண்ணன் கார்ல் பெலினி தடுப்பணியின் பொறுப்போடு முன்வரிசை ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் ஏற்றார்.

அவர்கள் கொண்டுவந்த மாற்றம் முன்வரிசையின் வேலையிலேயே தொடங்கியது. வரிசையில் இரண்டு எதிரிக் காவலர்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பந்து அசைந்ததும் அதற்குள் பாய்ந்துவிடுவது ஒரு முறை. வேகமானது, ஆனால் ஓட்டக்காரர் பக்கத்து இடைவெளியில் புகுந்தால் பாய்ந்தவர் ஆட்டத்தைவிட்டே விலகிப்போவார். பெலினிகள் சொல்லிக்கொடுத்தது வேறு முறை. எதிரே நிற்பவரைக் கைகளால் பற்றி நிறுத்த வேண்டும். அவர் எந்தப் பக்கம் சாய்கிறார், பந்து எங்கே போகிறது என்று படிக்க வேண்டும். பிறகு அவரை உதறிவிட்டு இரண்டு பக்கங்களில் எது தேவையோ அங்கே போக வேண்டும். இப்படி ஆட மிகுந்த கைவலுவும் பொறுமையும் வேண்டும். அவை இல்லாதவர் இந்த முறையில் வெறும் சுவராக நின்றுவிடுவார். சூவிடம் இரண்டும் இருந்தன. எதிரணியின் நடுக்காவலரை ஒரு கையால் நிறுத்திவைத்துக்கொண்டே பந்தைத் தேடும் ஆட்டக்காரராக அவர் மாறினார்.

2008ஆம் ஆண்டின் எண்கள் அந்த மாற்றத்தைக் காட்டின. 34ஆக இருந்த பிடிகள் 76 ஆயின. அணியில் வேறு யாரும் அத்தனை எடுக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் விழுந்த பிடிகள் 19, சாக்குகள் 7.5. எதிரணி எறிந்த பந்தை இரண்டு முறை பிடித்தார். இரண்டு முறையும் ஓடிப்போய் டச்டவுன் போட்டார். அவற்றில் ஒன்று நவம்பர் 28ஆம் தேதி கொலராடோவுக்கு எதிராக ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வந்தது. நெப்ராஸ்கா அலெக்ஸ் ஹெனரியின் 57 கெஜ ஃபீல்ட் கோலால் முந்தியிருந்த நேரம். அடுத்து எறியப்பட்ட பந்தைப் பிடித்த சூ 30 கெஜம் ஓடி வெற்றியை உறுதிசெய்தார். அணி ஒன்பது ஆட்டங்களில் வென்றது. 2009 ஜனவரி 1 அன்று, பருவ முடிவுச் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான கேட்டர் போலில் கிளெம்சனை 26–21 என்று தோற்கடித்தது.

போகலாமா, இருக்கலாமா

பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டதால் சூ அப்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். கல்லூரி ஆட்டக்காரரின் வாழ்க்கையில் இது கடினமான முடிவு. இருந்தால் இன்னும் தேர்ந்து, உயர்ந்த இடத்தில் தேர்வாகலாம்; அதற்கேற்பப் பணமும் கூடும். ஆனால் ஒரு முழங்கால் காயம் எல்லாவற்றையும் அழித்துவிடக்கூடும். முழங்காலில் ஏற்கெனவே அடிபட்ட ஒருவருக்கு இந்த அபாயம் வெறும் கற்பனை அல்ல. சூ இன்னும் ஓராண்டு இருப்பது என்று முடிவெடுத்தார். பொறியியல் கல்லூரியில் கட்டுமான மேலாண்மைப் படிப்பையும் அவர் முடிக்க வேண்டியிருந்தது.

2009: மழையும் ஒரு நொடியும்

அந்தப் பருவத்தில் நெப்ராஸ்காவின் தாக்கணி தடுமாறியது. வர்ஜீனியா டெக்கிடம் 16–15 என்று தோல்வி. அயோவா ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்திலேயே எட்டு முறை பந்தை இழந்து 9–7 என்று தோல்வி. ஆட்டங்களைக் கையில் வைத்திருந்தது தடுப்பணிதான். ஆண்டு முழுவதற்கும் எதிரணிகளுக்கு அது விட்டுக்கொடுத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 10.4 புள்ளிகள்; நாட்டிலேயே மிகக் குறைவு. இரண்டே ஆண்டுகளுக்கு முன் ஒரே ஆட்டத்தில் 76 புள்ளிகளை விட்ட அணி அது.

அக்டோபர் 8ஆம் தேதி இரவு, கொலம்பியா நகரில் கொட்டும் மழையில் மிசௌரியோடு நடந்த ஆட்டத்தை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மூன்று கால் பகுதிகள் முடிந்தபோது நெப்ராஸ்கா 0–12 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கால் பகுதியில் மட்டும் 27 புள்ளிகள் எடுத்து வென்றது. சூ அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பிளெய்ன் கேபர்ட்டை வீழ்த்தினார். நான்காம் கால் பகுதியில் கேபர்ட் எறிந்த பந்து ஒன்றைப் பிடித்தும்விட்டார். விருதுகளுக்கான பேச்சில் சூவின் பெயர் அடிபடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

டிசம்பர் 5ஆம் தேதி, டெக்ஸஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில், நெப்ராஸ்கா அப்போது ஆடிய பிக் 12 லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. எதிரே டெக்ஸஸ் பல்கலைக்கழகம். அந்தப் பருவத்தில் தோல்வியே அறியாத அணி. அதன் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் நாட்டின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். நெப்ராஸ்காவின் தாக்கணி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. ஹெனரி உதைத்த நான்கு ஃபீல்ட் கோல்களால் வந்த 12 புள்ளிகள்தான் மொத்தம். அதை வைத்துக்கொண்டே கடைசி நிமிடம் வரை அணி வெற்றியின் வாசலில் நின்றதற்குக் காரணம் முன்வரிசை. மெக்காய் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டார். அதில் சூவின் பங்கு 4.5. மொத்தம் 12 பிடிகள். அவற்றில் ஏழு கோட்டுக்குப் பின்னால். டெக்ஸஸ் இரண்டு பேரை அனுப்பித் தடுத்தும் அவரை நிறுத்த முடியவில்லை.

டெக்ஸஸ் 10–12 என்று பின்தங்கியிருந்தபோது மெக்காய் நேரத்தை நிறுத்துவதற்காகப் பந்தை வெளியே எறிந்தார். கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியது. நெப்ராஸ்கா ஆட்டக்காரர்கள் வென்றுவிட்டதாக மைதானத்துக்குள் ஓடினார்கள். நடுவர்கள் காட்சிப்பதிவைப் பார்த்து, பந்து வெளியே விழுந்தபோது ஒரு நொடி மீதமிருந்தது என்று தீர்ப்பளித்தார்கள். அந்த ஒரு நொடியில் ஹண்டர் லாரன்ஸ் 46 கெஜ ஃபீல்ட் கோல் போட, டெக்ஸஸ் 13–12 என்று வென்று தேசிய வாகைக்கான ஆட்டத்துக்குப் போனது.

விருதுகளும் அவற்றின் எல்லையும்

அந்த ஆண்டின் முடிவில் சூவின் கணக்கில் 85 பிடிகள், 24 கோட்டுக்குப் பின் பிடிகள், 12 சாக்குகள், ஒரு இன்டர்செப்ஷன் சேர்ந்திருந்தன. எதிரணி உதைத்த பந்தை மூன்று முறை தடுத்திருந்தார். முன்வரிசையின் நடுவில் நிற்பவர் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக அணியில் அதிகப் பிடிகள் எடுத்திருந்தார்.

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நகுர்ஸ்கி, பெட்னாரிக் விருதுகளும், தாக்கணி, தடுப்பணி இரண்டின் உள்வரிசையிலும் சிறந்தவருக்கான அவுட்லண்ட் விருதும், முன்வரிசைக்கும் லைன்பேக்கர்களுக்குமான லொம்பார்டி விருதும் அவருக்கே வந்தன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டொனால்ட் 2013இல் இதே நான்கையும் வென்றார். அவரும் டாக்கிள்தான்.

கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் மட்டும் கிடைக்கவில்லை. 1935 முதல் வழங்கப்படும் அந்த விருதைப் பத்திரிகையாளர்களும் முன்னாள் வெற்றியாளர்களும் வாக்களித்து முடிவுசெய்கிறார்கள். சூ 815 புள்ளிகளோடு நான்காவதாக வந்தார்; 161 பேர் அவருக்கு முதல் இடத்தைக் கொடுத்திருந்தார்கள். வென்றவர் அலபாமாவின் ஓட்டக்காரர் மார்க் இங்கிரம். இரண்டாவது இடம் ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட்டுக்கு; மூன்றாவது இடம், சூ அத்தனை முறை வீழ்த்திய மெக்காய்க்கு.

ஹைஸ்மன் வரலாறு முழுவதும் இப்படித்தான். நெப்ராஸ்காவின் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர் ரிச் குளோவர் 1972இல் மூன்றாவதாக வந்தார். பிட்ஸ்பர்க்கின் ஹியூ கிரீன் 1980இல் இரண்டாவதாக வந்தார். தடுப்பாட்டத்தை முதன்மையாகக் கொண்டு அதை வென்ற மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன் (1997), இரு பக்கமும் முழுநேரம் ஆடி வென்ற கொலராடோவின் டிராவிஸ் ஹண்டர் (2024) இருவருமே பின்வரிசைக்காரர்கள். தாக்கணியிலும் பந்தைக் கையில் எடுத்து ஓடியவர்கள். முன்வரிசையில் தடுப்பாட்டம் மட்டுமே ஆடியவர் எவரும் இன்றுவரை வென்றதில்லை. பந்தோடு ஓடுபவரின் சிறப்பைத் தொலைக்காட்சியில் யாரும் பார்த்துவிடலாம். நடுவில் நடக்கும் மோதலைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும்.

நியூயார்க் மேடை

டிசம்பரில் சூ கட்டுமான மேலாண்மையில் பட்டம் பெற்றார். மாத இறுதியில் சான் டியேகோவில் நடந்த ஹாலிடே போலில் நெப்ராஸ்கா அரிசோனாவை 33–0 என்று வென்றது. கல்லூரிச் சட்டையில் சூவின் கடைசி ஆட்டம் அது; எதிரணி ஒரு புள்ளியும் எடுக்கவில்லை.

ஆண்டுதோறும் குளிர்காலத்தின் முடிவில் இண்டியானாபோலிஸ் நகரில் என்எஃப்எல் அணிகள் புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும். எடை, உயரம், ஓட்டம், தாவல், பளுத்தூக்கல் எல்லாம் அளக்கப்படும். மருத்துவர்கள் பழைய காயங்களைப் பார்ப்பார்கள். அங்கே சூவின் எடை 307 பவுண்டு. 225 பவுண்டு பளுவைப் படுத்த நிலையில் 32 முறை தூக்கினார். ஏப்ரலில் அவர் தன் பல்கலைக்கழகத்துக்கு 26 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார்: விளையாட்டுத் துறைக்கு 20 லட்சம், பொறியியல் கல்லூரியில் ஓர் உதவித்தொகை நிதிக்கு 6 லட்சம். அப்போது அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு டாலர்கூடச் சம்பாதித்திருக்கவில்லை.

2010 ஏப்ரல் 22ஆம் தேதி நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் தேர்வு நடந்தது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் முதலில் தேர்ந்தெடுக்கும் முறை அது. முதல் இடத்தில் ஓக்லஹோமாவின் குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டை செயின்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தது. இரண்டாவதாக டெட்ராய்ட் லயன்ஸ் சூவை எடுத்தது. புதியவர்களின் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு கொண்டுவந்தது அடுத்த ஆண்டில்தான். அதற்கு முந்தைய கடைசித் தேர்வில் வந்ததால் சூவுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் 4 கோடி டாலர் உறுதியாகக் கிடைத்தது. 2008 முடிவில் இன்னும் ஓராண்டு இருப்பது என்று எடுத்த முடிவு பலித்துவிட்டது.

நெப்ராஸ்காவில் அவருடைய மொத்தக் கணக்கு 215 பிடிகள், 57 கோட்டுக்குப் பின் பிடிகள், 24 சாக்குகள், நான்கு இன்டர்செப்ஷன்கள். இவற்றில் 161 பிடிகளும் 19.5 சாக்குகளும் கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்தவை. மூன்றாம் ஆண்டோடு கிளம்பியிருந்தால் நல்ல உடற்கட்டுள்ள, காயம்பட்ட, சுமாரான அணியின் டாக்கிள் என்ற அளவில் அவர் பெயர் நின்றிருக்கும். ஐந்தாண்டு விதியும், தன்னை மாற்றிய பயிற்சியும், கடைசி ஆண்டில் தங்கிய துணிவும் சேர்ந்துதான் அந்தக் கணக்கை எழுதின.